முறிந்த திருகாணியும் மூன்று மில்லிமீட்டர் கயிறும்

எங்கள் சிறு பாய்மரப் படகின் வலப்பக்கக் கம்பியின் அடியிலிருந்த திருகாணி முறிந்தபோது பெரிய ஓசை ஏதும் எழவில்லை. ஓர் உலோகத் தெறிப்பு கேட்டது. அடுத்த கணம் கம்பி துவண்டு காற்றில் ஆடியது. காற்று அப்போது வலப்பக்கத்திலிருந்துதான் வீசிக்கொண்டிருந்தது. ஆறு மீட்டர் உயரமுள்ள பாய்மரம் இடப்பக்கமாகச் சாய்ந்து விழாமல் அதுவரை பிடித்து நிறுத்தியிருந்தது அந்த ஒரு கம்பியே. மரத்தின் அடி தளத்துக்குக் கீழே ஒரு குழியிலும், தள மட்டத்தில் ஒரு வளையத்திலும் செருகப்பட்டிருந்ததால், அது உடனே முறிந்து விழாமல் வில்லைப்போல் வளைந்து நின்றது. சுக்கான் பிடித்திருந்த நண்பர் என்னைவிடப் பல ஆண்டுகள் மூத்த அனுபவசாலி. அவர் பாய்க் கயிறுகளை முழுவதுமாக விடச் சொல்லிவிட்டு, படகின் முகப்பைக் காற்றுக்குக் குறுக்காகத் திருப்பி, காற்று இடப்பக்கத்திலிருந்து வரும்படி செய்தார். இடப்பக்கக் கம்பி விறைத்தது; மரம் நிமிர்ந்தது. எல்லாம் பத்து நொடிகளுக்குள் முடிந்துவிட்டது.

பாய்மரத்தின் பக்கக் கம்பிகளில் காற்று வரும் பக்கத்துக் கம்பிதான் சுமையைத் தாங்கும், எதிர்ப்பக்கத்துக் கம்பி ஏறக்குறைய ஓய்வில் இருக்கும் என்பதை அதற்கு முன்பே படித்து அறிந்திருந்தேன். ஆனால் அறிந்ததற்கும், சுமையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றிவிட்டால் முறிந்த பாகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கக்கூட அவகாசம் கிடைக்கும் என்பதைக் கண்ணால் கண்டதற்கும் இடையே நெடுந்தொலைவு இருந்தது. சிறு பாய்மரப் படகின் கயிறுகளையும் கம்பிகளையும் பற்றி அதன்பின் நான் கற்ற எல்லாமே, இந்தச் சுமை எங்கே பிறந்து எந்த வழியாக எங்கே போய் முடிகிறது என்ற ஒரே கேள்வியின் கிளைகள்தாம். கையில் இருப்பதைக் கொண்டு ஒன்றைச் சமாளிப்பதற்கும், இருப்பதை அளவாகத் திருத்துவதற்கும் அந்தக் கேள்வியே போதுமானதாக இருக்கிறது.

எங்கள் படகு நான்கரை மீட்டர் நீளமுள்ள திறந்த படகு. ஒரே பாய்மரம், பெரும்பாய் ஒன்று, முன்பாய் ஒன்று. ஷ்ரவுட் எனப்படும் பக்கக் கம்பிகள் இரண்டும், முகப்பிலிருந்து மேலேறும் முன்கம்பி ஒன்றும் சேர்ந்து மரத்தைத் தாங்குகின்றன. மூன்றும் தளத்திலிருந்து ஏறக்குறைய ஐந்து மீட்டர் உயரத்தில் மரத்தோடு இணைகின்றன. படகின் அகலம் ஒன்று புள்ளி எட்டு மீட்டர். ஆகவே மரத்திலிருந்து பக்கக் கம்பியின் அடிக்கு உள்ள தொலைவு தொண்ணூறு சென்டிமீட்டர்தான். இந்த இரண்டு எண்களையும் வைத்துப் பார்த்தால், கம்பிக்கும் மரத்துக்கும் இடையிலான கோணம் பத்துப் பாகைதான் வரும். அவ்வளவு குறுகிய கோணத்தில் பக்கவாட்டு இழுப்பைத் தாங்க வேண்டுமானால், கம்பி அந்த இழுப்பைப்போல ஐந்தரை மடங்கு விசையைத் தன்னுள் ஏற்க வேண்டும். மரத்தின் மேற்பகுதியைக் காற்று நாற்பது கிலோ எடைக்கு நிகராகத் தள்ளினால், கம்பியில் இருநூறு கிலோவுக்கு மேல் ஏறும். அந்த விசை அப்படியே மரத்தின் வழியாகக் கீழிறங்கி, படகின் அடியை ஓர் ஆணியைப்போல அழுத்தும். சிறு படகுதானே என்று எண்ணி எதையாவது வைத்துக் கட்டிவிட முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

அன்று திரும்ப வேண்டிய கரை தவறான பக்கத்தில் இருந்தது. இடப்பக்கக் காற்றை வாங்கிக்கொண்டே சென்றால் படகு கரையை விட்டு விலகிக்கொண்டே போகும். திரும்ப வேண்டுமானால் வலப்பக்கத்தில் ஏதாவது ஒன்று மரத்தைப் பிடித்தாக வேண்டும். பாயை ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான் என்று பழைய கடல் வழக்கில் ஒரு பெயர் உண்டு. முன்பாயின் ஆஞ்சான், பக்கக் கம்பிகள் இணையும் இடத்துக்குச் சற்றே கீழே மரத்துக்குள்ளிருந்து வெளிவருகிறது. முன்பாயை இறக்கி மடித்துவிட்டு, அந்த ஆஞ்சானின் நுனியை வலப்பக்கத்தில் படகின் உடலோடு போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்த உலோகப் பட்டையில் ஷேக்கிள் எனப்படும் உலோகக் கொளுவியால் மாட்டினோம். மறுநுனியை மரத்தடியில் இழுத்து, கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கிளீட்டில் சுற்றினோம். பெரும்பாயின் பரப்பையும் குறைத்துக்கொண்டு மெல்லத் திரும்பினோம்.

மரம் நின்றது; ஆனால் நேராக நிற்கவில்லை. ஆஞ்சான் சாதாரண பாலியெஸ்டர் கயிறு. சுமை ஏறியதும் அது நீண்டது, மரத்தின் உச்சி ஒரு கையளவு இடப்பக்கம் சாய்ந்தது. இழுத்து இறுக்கப் பார்த்தேன், அசையவில்லை. இருநூறு கிலோ சுமையேறிய கயிற்றைக் கையால் இழுக்க முடியாது. நண்பர் மறுபடியும் படகைத் திருப்பினார். சுமை இடப்பக்கத்துக்குப் போனதும் வலப்பக்கத்து ஆஞ்சான் தளர்ந்தது; அப்போது அதை எளிதாக இழுத்து இறுக்கினேன். மீண்டும் திரும்பினோம். இப்படி இரண்டு முறை செய்தபின் மரம் ஏறக்குறைய நிமிர்ந்தது. பக்கக் கம்பியை இன்றுவரை இந்த முறையில்தான் இறுக்குகிறேன்: சுமையோடு மல்லுக்கட்டாமல், சுமை அடுத்த பக்கம் போகும்வரை காத்திருந்து இறுக்குவது.

கரைக்கு வந்தபின் ஆஞ்சானைப் பார்த்தோம். நேர்க்கோட்டில் கீழிறங்குவதற்காக அமைந்த கப்பியிலிருந்து பக்கவாட்டாக இழுபட்டதால், கப்பியின் விளிம்பு கயிற்றின் மேலுறையை மூன்று விரல் நீளத்துக்குச் சீவியிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டியிருந்தால் அதுவும் அறுந்திருக்கும். கயிற்றின் வலிமை போதுமா என்று மட்டுமே கடலில் யோசித்தேன். அது எதன்மீது உரசும் என்று யோசிக்கவில்லை. அவசரத்துக்குச் செய்யும் எந்த மாற்றமும் பெரும்பாலும் இழுவிசையால் கெடுவதில்லை, உரசலால்தான் கெடுகிறது என்பது அதன்பின் கண்ட பல சேதங்களிலும் உறுதிப்பட்டது. அந்த இடத்தில் ஒரு தோல் துண்டையோ தடித்த துணியையோ சுற்றியிருந்தால் போதும். அல்லது கால் மணிக்கு ஒருமுறை கயிற்றைச் சற்றே விட்டு இழுத்து உரசும் இடத்தை மாற்றியிருக்கலாம்.

முறிந்த திருகாணியைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதிகம். அது டர்ன்பக்கிள் எனப்படும் இறுக்கியின் ஒரு பகுதி. நடு உடலைத் திருகினால் இரு முனைகளும் நெருங்கி வந்து கம்பியை விறைக்கச் செய்யும். முறிவின் முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது முக்கால் பங்கு மங்கிய பழுப்பு நிறத்திலும், மீதி மட்டும் புதிய வெள்ளி நிறத்திலும் இருந்தது. விரிசல் முன்பே தொடங்கி நெடுநாளாக உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. ஓய்வில் இருக்கும் பக்கத்துக் கம்பி அலைக்கு அலை ஆடும். அப்படி ஆடும்போதெல்லாம் டர்ன்பக்கிளை அது அசைத்து வளைக்கும். எல்லாத் திசையிலும் மடங்கக்கூடிய டாகிள் என்ற இணைப்புத் துண்டு அடியில் இருந்தால் அந்த வளைவு அதில் கழிந்துவிடும். எங்கள் படகில் அது இல்லை. வளைவெல்லாம் திருகின் பள்ளங்களில் போய்ச் சேர்ந்திருந்தது. அதோடு, டர்ன்பக்கிள் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் என்ற ஊசி பாயைக் கிழிக்காமல் இருக்க நான் அந்த இடம் முழுவதையும் பசைநாடாவால் இறுகச் சுற்றி வைத்திருந்தேன். துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதன்மேல் படியும் குரோமியம் ஆக்சைடு என்ற மெல்லிய படலம். அது உராய்ந்து போனால் மீண்டும் உருவாக ஆக்ஸிஜன் தேவை. நாடாவுக்குள் உப்புநீர் புகுந்து தங்க, காற்று புகாமல் போக, படலம் குலைந்து எஃகு உள்ளுக்குள் அரித்துப்போனது. பாதுகாப்பென்று நினைத்து நான் சுற்றியதே கேட்டுக்குத் துணைபோயிருந்தது. இப்போது பின்னின் கூர்முனையை மட்டும் மூடுகிறேன். மற்ற இடமெல்லாம் காற்றுப்பட இருக்கிறது.

புதிய டர்ன்பக்கிள் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும் என்ற நிலையில், கம்பியின் அடிமுனைக்கும் படகின் பட்டைக்கும் இடையே கயிற்றால் சுற்றுக்கட்டுப் போடலாம் என்று நண்பர் சொன்னார். பழைய பாய்க்கப்பல்களில் பக்கத்தாங்கிகளை இறுக்கியது இப்படித்தான்: மூன்று துளையிட்ட தடித்த மரவட்டுகள் இரண்டை எதிரெதிரே வைத்து, அவற்றுக்கிடையே கயிற்றை மாறிமாறிக் கோத்து இழுப்பார்கள். நாங்கள் மரவட்டுக்குப் பதில், கம்பியின் முனையில் கண் எனப்படும் வளைந்த உலோக வளையம் ஒன்றையும், பட்டையில் ஒரு ஷேக்கிளையும் வைத்தோம். கயிறு மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள டைனீமா.

டைனீமாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் சிறு படகில் கையால் செய்யக்கூடிய வேலைகளின் எல்லையையே அது மாற்றிவிட்டது. மிக நீண்ட சங்கிலிகளைக் கொண்ட பாலிஎத்திலீன் மூலக்கூறுகளை ஒரே திசையில் நீட்டி எடுக்கும் இழை அது. அடர்த்தி நீரைவிடக் குறைவு என்பதால் மிதக்கும். அதே தடிமனுள்ள எஃகுக் கம்பிக்கு வலிமையில் சளைக்காது. மிகக் குறைவாகவே நீளும். ஆனால் அதன் வழுவழுப்பு ஆளை ஏமாற்றக்கூடியது. முதல்முறை அதில் நுனியில் வளையம் அமைக்க எனக்கு நன்கு பழகிய பௌலைன் முடிச்சைப் போட்டு, காலால் உதைத்து இழுத்துப் பார்த்தேன். முடிச்சு மெல்ல நழுவி அவிழ்ந்தது. பாலியெஸ்டரில் நம்பகமான முடிச்சுகள் இதில் நம்பகமானவை அல்ல. நழுவாமல் நின்றாலும் முடிச்சின் வளைவில் கயிற்றின் வலிமை பாதிவரை குறைந்துவிடும். அதனால் நுனியைக் கயிற்றின் உள்ளேயே செருகிப் புதைத்துக் கண் அமைப்பதுதான் முறை. தடிமனைப்போல எழுபத்திரண்டு மடங்கு நீளம் புதைக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. மூன்று மில்லிமீட்டர் கயிற்றுக்கு அது ஏறக்குறைய இருபத்திரண்டு சென்டிமீட்டர். இழுக்க இழுக்க வெளிக்கயிறு உள்நுனியைக் கவ்விப் பிடிக்கும். புதைக்கும் நுனியைப் படிப்படியாக இழை குறைத்துச் சீவுவது அவசியம். நுனி மொட்டையாக நின்றால் அந்த இடத்தில் கயிறு திடீரென்று வளைந்து பலவீனப்படும்.

ஐந்து சுற்று போட்டோம். ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாக இழுத்து, தளர்ச்சியை அடுத்த சுற்றுக்குக் கடத்தி, கடைசி நுனியைச் சுற்றுகளின் மேல் வரிசையாக அரைமுடிச்சுகளிட்டு முடித்தோம். கணக்குப்படி பார்த்தால் இத்தனை சுற்றுகள் கைவிசையைப் பத்து மடங்காக்க வேண்டும். ஷேக்கிளின் மேல் கயிறு உராய்வதால் அதில் பெரும்பகுதி வீணாகிறது. இருந்தும் தேவையான இறுக்கம் வந்தது. அடுத்த நாள் சற்றுத் தளர்ந்திருந்தது, மறுபடி இறுக்கினோம். டைனீமாவுக்கு நிலையான சுமையின்கீழ் மிக மெல்ல நீண்டுகொண்டே போகும் குணம் உண்டு. புதிதாகப் புதைத்த கண்களும் முதல் சில ஓட்டங்களில் படிந்து உட்காரும். ஒரு வாரத்துக்குப் பின் அது நின்றுவிட்டது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஓய்வுப் பக்கத்துக் கம்பி ஆடியபோது, சுற்றுக்கட்டு எந்தத் திசையிலும் எதிர்ப்பின்றி மடங்கிக் கொடுத்தது. எஃகு முறிந்ததற்குக் காரணமாக இருந்த அந்த ஆட்டம் கயிற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. தற்காலிகமாகப் போட்ட கட்டு, நிரந்தரமாக இருந்த பாகத்தின் குறையைத் தானாகவே தீர்த்து வைத்திருந்தது. புதிய டர்ன்பக்கிளும் டாகிளும் வந்து சேர்ந்தபின்னும் நான் பக்கக் கம்பிகள் இரண்டிலும் கயிற்றுக்கட்டையே வைத்துக்கொண்டேன். முன்கம்பியில் மட்டும் புதிய டர்ன்பக்கிளைப் பொருத்தினேன்.

இனி அளவாகத் திருத்துவதற்கு வருகிறேன். அந்தக் கயிற்றுக்கட்டை எத்தனை இறுக்க வேண்டும் என்பதற்குக் கையால் தட்டிப் பார்ப்பது மட்டும் எனக்குப் போதவில்லை. எங்கள் பக்கக் கம்பி, நடுவில் ஓர் இழை, அதைச் சுற்றி ஆறு, அதற்கும் வெளியே பன்னிரண்டு என்று பத்தொன்பது இழைகள் முறுக்கிய வகை. இந்த வகைக் கம்பிக்கு ஒரு பயனுள்ள விகிதம் உண்டு: இரண்டு மீட்டர் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் நீண்டால், கம்பியில் அதன் உடைசுமையின் ஐந்து விழுக்காடு ஏறியிருக்கிறது என்று பொருள். கம்பியின் விட்டம் எதுவானாலும் இது பொருந்தும். ஆகவே இரண்டு மீட்டர் மடக்கு அளவுகோலின் மேல்முனையைக் கம்பியோடு நாடாவால் ஒட்டி, கம்பி தளர்வாக இருக்கும்போது கீழ்முனைக்கு நேராக ஒரு கோடு போட்டுக்கொண்டு, பிறகு இறுக்கினேன். கோடு அளவுகோலின் முனையிலிருந்து மூன்று மில்லிமீட்டர் விலகியபோது நிறுத்தினேன். உடைசுமையில் பதினைந்து விழுக்காடு. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் இவ்வளவு துல்லியமாக ஒன்றை அறிய முடிவது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது.

அதைச் செய்த பின்புதான் மரம் பக்கவாட்டில் நேராக நிற்கிறதா என்று பார்க்க முடியும். பெரும்பாயின் ஆஞ்சானில் அளவுநாடாவைக் கட்டி உச்சிக்கு ஏற்றி, இரு பக்கப் பட்டைகளுக்கும் அளந்தேன். ஒரு சென்டிமீட்டர் வேறுபாடு இருந்தது, ஒரு பக்கம் தளர்த்தி மறுபக்கம் இறுக்கிச் சரிசெய்தேன். அதே நாடாவைப் பின்புற விளிம்புக்கு அளந்தால் மரம் எவ்வளவு பின்சாய்ந்திருக்கிறது என்பது தெரியும். எங்கள் படகில் அது மிகவும் பின்சாய்ந்திருந்தது. காற்று பாயைத் தள்ளும் விசையின் மையம், நீருக்குள் இருக்கும் நடுப்பலகையும் உடலும் தரும் எதிர்ப்பின் மையத்துக்குப் பின்னால் போய்விட்டால், படகின் முகப்பு தானாகக் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். சுக்கானால் அதை ஓயாமல் தடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் அந்தக் கனத்தைப் பல மாதங்கள் படகின் இயல்பு என்றே எண்ணியிருந்தேன். முன்கம்பியை இறுக்கி, பக்கக் கட்டுகளைச் சிறிது விட்டு, உச்சியை ஆறு சென்டிமீட்டர் முன்னுக்குக் கொண்டுவந்ததும், சுக்கான் இரண்டு விரல்களுக்கு அடங்கியது. முற்றிலும் கனமில்லாமல் செய்துவிடவும் கூடாது. சிறிதளவு இழுப்பு இருந்தால்தான், கை நழுவிப்போனாலும் படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பி வேகம் தணியும்.

ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றங்களைச் செய்வதில்லை என்று நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு ஓர் அனுபவத்தால் வந்தது. ஒரு முறை மரத்தின் சாய்வையும், முன்பாயின் கயிறு கப்பி வழியாகச் செல்லும் இடத்தையும் ஒன்றாக மாற்றினேன். படகு மோசமாகிவிட்டது, எதனால் என்று தெரியவில்லை, இரண்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து மறுபடி தொடங்க ஒரு நாள் முழுவதும் போயிற்று. பாயின் முகப்பு விளிம்பருகே இருபுறமும் ஒட்டிய கம்பளி நூல்துண்டுகள் அந்த நாளில் சொன்னதைக் குறித்து வைத்திருந்தால் அந்த நாளும் மிஞ்சியிருக்கும். காற்று வரும் உட்புறத்து நூல் துள்ளினால் பாயை இழுக்க வேண்டும். வெளிப்புற நூல் துவண்டால் தளர்த்த வேண்டும். மேல்நூலும் கீழ்நூலும் வெவ்வேறு நேரத்தில் துள்ளினால் கப்பியின் இடத்தை மாற்ற வேண்டும். இதைவிடக் குறைந்த செலவில் இதைவிட நேர்மையாகப் பேசும் கருவியை நான் கண்டதில்லை.

பெரும்பாயின் அடியைப் பிடித்திருக்கும் பூம் என்கிற அடிக்கழியைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும் கயிறும் இப்படிக் கையாலேயே அமைத்ததுதான். முன்பு இரண்டே மடங்கு பலம் கொண்ட எளிய அமைப்பு இருந்தது. காற்று வலுத்தால் பூம் மேலெழுந்து, பாயின் மேற்பகுதி முறுக்கிக்கொண்டு காற்றை வீணாக்கும். காற்றின் வேகம் மணிக்குப் பத்துக் கடல்மைலிலிருந்து பதினான்கு கடல்மைலுக்குப் போனாலே விசை இரட்டிப்பாகிறது என்பதால், கைக்கு அடங்கியது சட்டென்று கைமீறிப் போய்விடும். ஒரு கயிற்றின் நுனியை இன்னொரு கயிறு இழுக்க, அதன் நுனியை மூன்றாவது இழுக்க என்று இரண்டு மடங்குகளை மூன்று முறை அடுக்கினால் எட்டு மடங்கு கிடைக்கிறது. பெரிய சுமை ஏறும் முதல் அடுக்குக்குச் சக்கரமில்லாத வழவழப்பான அலுமினிய வளையம் போதும், ஏனெனில் அங்கே கயிறு சில சென்டிமீட்டர்களே நகர்கிறது. கை இழுக்கும் கடைசி அடுக்குக்கு மட்டும் நல்ல சக்கரக் கப்பி வேண்டும்.

கயிற்றால் எதையும் செய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. பக்கப் பட்டையின் போல்ட்டுகள் படகின் உடலைப் பிடிக்கும் இடத்தில் பின்தகடு இல்லையென்றால், மேலே எத்தனை அழகாகக் கட்டினாலும் பயனில்லை. அலுமினிய மரத்தில் துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளை நேரடியாக முடுக்கிவிட்டால், உப்புநீரில் அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாகும். இரண்டுக்கும் இடையே காப்புப் பசையோ பிளாஸ்டிக் தகடோ வேண்டும். இந்த இடங்களில் தற்காலிக ஏற்பாடு என்பது ஆபத்தை மறைத்து வைப்பது மட்டுமே. ஆனால் உறுதியான ஒரு முனையிலிருந்து உறுதியான இன்னொரு முனைக்குச் சுமையைக் கொண்டுபோவது மட்டுமே வேலை என்றால், கயிறு ஏறக்குறைய எப்போதும் ஒரு வழி காட்டும். 1916-இல் அண்டார்க்டிக் பயணத்தில் கப்பலை இழந்திருந்த ஷேக்கிள்டனின் குழு ஜேம்ஸ் கெயர்ட் என்ற திறந்த படகைத் தென்கடலுக்கு ஆயத்தப்படுத்தியபோது, தச்சர் ஹாரி மெக்நிஷ் இன்னொரு படகின் பாய்மரத்தை எடுத்து, இந்தப் படகின் அடிமரத்தோடு நீளவாக்கில் உள்ளே கட்டினார். பேரலைகளில் நடுமுதுகு முறிந்துவிடாமல் இருக்க. பாயைத் தாங்க வேண்டிய மரத்தை முதுகெலும்பாக அவர் கண்டது, பொருளின் பெயரைப் பார்க்காமல் சுமையின் வழியைப் பார்த்ததால்தான் என்று நினைக்கிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் சுற்றுக்கட்டுகளை அறுத்துப் புதிதாகப் போடுகிறேன். அறுத்ததைப் பிரித்து, ஷேக்கிளின் மேல் படிந்திருந்த வளைவுகளை விரலால் தடவிப் பார்ப்பேன். வெயில்பட்ட வெளிப்பக்கம் பஞ்சுபோல் பொங்கியிருக்கும், உள்ளிழைகள் வழவழப்பாகவே இருக்கும். கட்டு நகர்ந்தால் தெரிவதற்காக, கண்ணிலிருந்து ஷேக்கிள்வரையுள்ள இடைவெளியை அளந்து, கம்பியின் அருகே படகின் விளிம்பில் மையால் எழுதி வைத்திருக்கிறேன். பாயை ஏற்றுவதற்கு முன் முதலில் பார்ப்பது அதைத்தான். சென்ற முறை வலப்பக்கம் எழுதியபடியே இருந்தது. இடப்பக்கம் இரண்டு மில்லிமீட்டர் கூடியிருந்தது. அரைமுடிச்சுகளைப் பிரித்து, சுற்றுகளை ஒவ்வொன்றாக இழுத்து, அளவு பழைய எண்ணுக்கு வந்தபின் நுனியை மறுபடி கட்டினேன். அதன்பிறகே நண்பர் பெரும்பாயின் ஆஞ்சானைக் கையில் எடுத்தார்.